ஒருவர் வெட்டியதை இன்னொருவர் தொடாத தெரு

உங்கள் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்றா, "எப்போது வரட்டும்?" என்றா?

பதில் சொல்ல அவசரம் வேண்டாம். நாற்காலியில் சாய்ந்துகொண்டு படிக்கும்போது எல்லோருக்கும் முதல் கேள்விதான் பிடிக்கும். தையல் கடை வைத்திருக்கும் டெய்லரக்கா வாய்க்குப் பேர்போனவர். துணிக்கடைக்காரர், வீட்டுச் சொந்தக்காரர், மின்சார அலுவலகத்துக்காரர் என்று யார் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை. அவரே இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டார்.

"எப்ப வரட்டும் சார்?"

அவருடைய கடை, வரிசையாகத் தையல் கடைகளே இருக்கும் ஒரு தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கியிருக்கும் நீள அறை. பழைய கதவு ஒன்றை இரும்புக் கால்கள்மேல் போட்டதுதான் வெட்டும் மேசை. துணியின்மேல் கத்திரியின் நிழல் விழக்கூடாது என்பதற்காக விளக்கைக் கயிறு கட்டித் தாழ இறக்கியிருப்பார். உயரமானவர்கள் உள்ளே வந்தால் முதலில் நெற்றி இடிக்கும், பிறகுதான் வணக்கம் வரும். கோட்டு, சட்டை, பள்ளிச் சீருடை, கல்யாண கவுன் எல்லாவற்றையும் வெட்டுவது அக்கா மட்டும். பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, ஓரம் மடிப்பது கொசுவின் வேலை. கொசு என்பது அவளுடைய பெயர் இல்லை. காதோரம் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள், விரட்டினாலும் திரும்பி வருவாள் என்பதால் அக்கா வைத்த பட்டம். பட்டம் நிலைத்துவிட்டது, பெயர் மறந்துவிட்டது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தையல்காரர் வெட்டிய துணியை இன்னொருவர் வாங்கமாட்டார். தோள் இறங்கியிருக்கிறது, இடுப்பு பிடிக்கிறது, கொஞ்சம் பிரித்துத் தாருங்கள் என்று கெஞ்சினாலும் கை வைக்கமாட்டார். காரணம் இல்லாமல் இல்லை. உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், எங்கே இழுத்துச் சமாளித்திருக்கிறார்கள் என்பது பிரித்த பிறகுதான் தெரியும். பிரித்துக் கெட்டுப்போனால் பழி பிரித்தவர் தலையில்தான் விழும். ஆகவே, "தச்சவங்ககிட்டயே கொண்டுபோங்க." இதுவரை நியாயம். ஆனால் இதற்கு ஒரு வால் முளைத்தது. தன்னிடம் தைத்ததை இன்னொரு கடையில் காட்டிய வாடிக்கையாளரை எந்தத் தையல்காரரும் மறுபடி படியேற விடுவதில்லை. இந்த விஷயத்தில் அக்கா எல்லோரையும்விடக் கறார். நல்ல வாடிக்கையாளர்களைக்கூட வாசலில் நிறுத்தி, "என்மேல நம்பிக்கை இல்லேன்னா எங்க வேணா போங்க" என்று சொல்லித் துணியை மடித்துக் கையில் கொடுத்திருக்கிறார். தெருவில் அதற்குத் தொழில் மானம் என்று பெயர். மானம் என்று பெயர் வைத்துவிட்டால் ஒரு வழக்கத்தை யாரும் கேள்வி கேட்கமுடியாது. எத்தனையோ அக்கிரமங்கள் இப்படித்தான் பெயரை வைத்துப் பிழைத்திருக்கின்றன.

வலி மணிக்கட்டில் ஆரம்பித்தது. கத்திரி பிடிப்பவர்களுக்கு மணிக்கட்டு வலிப்பது புதிதல்ல என்று அக்கா தைலம் தேய்த்தார். பிறகு பட்டை கட்டினார். கட்டைவிரல் பக்கமாக எலும்பு புடைத்துக்கொண்டு வந்தபோது, பட்டையை இன்னும் இறுக்கிக் கட்டினார். ஒரு நாள் கனமான கம்பளித் துணியின் நடுவில் கத்திரி நழுவிக் கீழே விழுந்தது. கொசு குனிந்து கத்திரியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அக்காவின் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

அவர் பள்ளி வேன் ஓட்டுபவர். வண்டிக்குள் இருக்கும் பிள்ளைகளைத் தவிர வேறு யாரையும் அதட்டத் தெரியாதவர். தனியார் மருத்துவமனை ஒன்றின் எலும்பு மருத்துவரிடம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். படம் எடுத்தார்கள். பிறகு பெரிய படம் எடுத்தார்கள். எலும்பிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று மருத்துவர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். மாட்டிவிட்டு வேன்காரரைப் பார்த்துப் பேசினார்.

"கட்டி எலும்பை அரிச்சிருக்கு. கெட்ட கட்டி. கையை எடுத்துடலாம், உயிர் முக்கியம். தள்ளிப்போடாதீங்க."

"சரிங்க சார்" என்றார் வேன்காரர்.

கைக்கு உரியவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன வேலை செய்கிறார் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. அடுத்த நோயாளியின் கோப்பு ஏற்கனவே மேசைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார், எப்ப வரட்டும் என்று.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மருத்துவர் மோசடிக்காரர் இல்லை. உடைந்த எலும்புகளை நன்றாகச் சேர்ப்பவர், அந்தப் பகுதியில் பாதிப் பேர் அவர் கைபட்டு நடப்பவர்கள். நல்லவர் என்பதால் ஒருவர் சொல்வது சரியாகிவிடாது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் நன்றிகெட்ட பேச்சு என்பார்கள்.

மறுநாள் அக்கா கடையைத் திறந்து, கையில் இருந்த வேலைகளை முடிக்கிற வழியைப் பார்த்தார். வெட்டாத துணிகளைத் திருப்பிக் கொடுக்கத் தனியாக அடுக்கினார். பிறகு சாக்பீஸை இடது கையில் பிடித்து, பழைய துணியில் கோடு போட்டுப் பார்த்தார். கோடு குடித்துவிட்டு நடப்பவனைப்போலப் போனது.

கொசுவுக்குத் தாங்கவில்லை. "அக்கா, இன்னொரு டாக்டரைப் பார்த்தா என்ன?"

"வேலையைப் பாருடி."

"வேலையைத்தான் பாக்கறேன். வாய் சும்மாதானே இருக்கு."

"உன் வாய் என்னைக்குச் சும்மா இருந்துச்சு? ஒருத்தர் பார்த்து, படம் எடுத்து, துண்டு எடுத்து, முடிவு சொல்லிட்டாரு. அதைத் தூக்கிக்கிட்டு இன்னொருத்தர்கிட்டப் போறதா? நம்மகிட்ட யாராவது அப்படி வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"விரட்டி விடுவீங்க."

"அப்ப?"

"நீங்க விரட்டினது துணியை அக்கா. துணி கெட்டுப்போனா வேற வாங்கிக்கலாம். கை எந்தக் கடையில மீட்டர் கணக்குல வெட்டித் தர்றான்? சொல்லுங்க, நானும் ஒண்ணு வாங்கி வச்சுக்கறேன். உங்ககிட்ட வேலை செய்ய ரெண்டு கை பத்தல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதார். கொசு எழுந்து போய்த் தெருப்பக்கத் திரையை இழுத்துவிட்டாள்.

வீட்டில் வேன்காரரிடம் இந்தப் பேச்சு போனபோது அவர் பயம் வேறாக இருந்தது. "அவருக்குத் தெரிஞ்சா கோவிச்சுப்பாரும்மா. அப்புறம் அவர்கிட்டயேதான் வந்து நிக்கணும். கத்தி அவர் கையில இருக்கு."

"கோவத்துல கோணலா வெட்டிடுவாருன்னு சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொன்னீங்க."

இந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்குவது எளிது. நோயாளி எப்போதும் படுத்திருப்பவர், மருத்துவர் எப்போதும் நின்றிருப்பவர். படுத்திருப்பவர் நின்றிருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிற உலகத்தில் இந்தப் பயம் பிறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெட்கப்பட வேண்டியது அந்த உலகம்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் ரத்தச் சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேன்காரருக்குப் பிள்ளைகளை இறக்கிவிடும் நேரம். துணைக்குக் கொசு போனாள். சோதனை முடிந்து, மருத்துவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே போனார்கள். அக்கா வாயைத் திறப்பதற்குள் கொசு கேட்டுவிட்டாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. படத்தை இன்னொரு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டலாமா?"

மருத்துவர் பேனாவை மூடினார். "நீங்க யாரு?"

"காஜா எடுக்கறவ சார்."

"என்னது?"

"நான்தான் கேக்கச் சொன்னேன் சார்" என்றார் அக்கா. பொய்தான். ஆனால் அந்த அறையில் அவர் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

மருத்துவர் சலிப்போடு பின்னால் சாய்ந்தார். காலையிலிருந்து எத்தனையோ பேரைப் பார்த்த சலிப்பு. "இதோ பாருங்கம்மா, என்மேல நம்பிக்கை இல்லேன்னா நீங்க எங்க வேணா போகலாம்."

கொசு பதில் சொல்ல மூச்சை இழுத்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். மருத்துவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வெளியே, மருந்துக் கடையை ஒட்டிய சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தார். கொசு, தான் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து, "மன்னிச்சுக்குங்கக்கா, நான் போய்க் காலைப் பிடிச்சாவது..." என்று ஆரம்பித்தாள்.

"சும்மா இருடி. அவர் சொன்னதைக் கேட்டியா?"

"கேட்டேன். திட்டறாரு."

"அது நான் சொல்ற பேச்சு. ஒரு எழுத்து மாறாம நான் சொல்ற பேச்சு."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அதை நான் எப்ப சொல்லுவேன் தெரியுமா?" அக்கா வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டே பேசினார். "வெட்டினது சரியா இருந்தா நான் அப்படிச் சொல்லவே மாட்டேன். 'போட்டுக் காட்டுங்க, எங்க பிடிக்குதுன்னு பார்ப்போம்'னு சொல்லுவேன். தோள்ல எங்கயோ தப்பு விட்டுட்டோமோன்னு எனக்கே உள்ளுக்குள்ள இடிக்கும் பாரு, அப்பதான் இந்த நம்பிக்கைப் பேச்செல்லாம் வரும். வாசல்ல நிறுத்திக் கத்தறதெல்லாம் அன்னைக்குத்தான்."

கொசு திண்டில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"படத்தைக் கேட்டு வாங்கு" என்றார் அக்கா. "அந்தத் துணுக்கு வச்ச கண்ணாடித் தகட்டையும் கேளு. எலும்பு என்னுது."

கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். கொடுக்காமல் இருக்க அவர்களுக்கு உரிமையும் இல்லை. கவுண்டரில் இருந்த பெண், "எல்லாரும் கேக்கலாம், யாரும்தான் கேக்கறதில்லை" என்று சொல்லிக்கொண்டே உறையில் போட்டார். அக்கா தன் வாழ்நாளில் மிகப் பெரிய கதவாக நினைத்திருந்தது, தாழ்ப்பாளே இல்லாத கதவு.

கட்டிகளுக்கென்று தனிப் பிரிவு உள்ள பொது மருத்துவமனை ஒன்று ஊரின் மறுகோடியில் இருந்தது. நீளமான கூடம், சுவரோரம் இரும்பு பெஞ்சுகள், வெந்நீரும் மருந்தும் கலந்த வாசனை. பக்கத்தில், உள்ளே போய்வந்து சீட்டுக்காகக் காத்திருந்தவர் ஒரு பெயிண்டர். நகக்கண்ணில் நீலம். தொண்டையில் கட்டி. குரல் காற்றாக வந்தது. அவரும் வேறு இடத்தில் சொன்னதைச் சரிபார்க்க வந்தவர்தான்.

"என்ன சொன்னாங்க அண்ணே?" என்று கொசு கேட்டாள்.

"அதேதான். ரெண்டு பேரும் பேசி வச்ச மாதிரி ஒண்ணையே சொல்றாங்க. ஆபரேஷன்தான்."

"அடடா."

"என்ன அடடா? இத்தனை நாளா 'ஒருவேளை தப்போ, ஒருவேளை தப்போ'ன்னு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன். இனி அது இல்ல. வெட்டுன்னா வெட்டு. போய் நிம்மதியாத் தூங்குவேன்." அவர் சிரித்தது சத்தமில்லாமல் தோளில் மட்டும் தெரிந்தது.

இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது மருத்துவர் முதலாமவரைப் பொய்யாக்கத்தான் இருக்கிறார் என்று நினைப்பவர்கள், தங்களுக்குப் பிடித்த பதில் கிடைக்கும்வரை ஆள் மாற்றிக்கொண்டே போவார்கள். மூன்றாவது, நான்காவது என்று போய்க் கடைசியில் விபூதி மாதிரி எதையாவது பொட்டலத்தில் கட்டித் தரும் ஆளிடம் நிற்பார்கள். அப்படிக் காலத்தைத் தொலைத்தவர்களும் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். அக்கா தேடி வந்தது ஆறுதல் அல்ல, சரிபார்ப்பு.

உள்ளே இருந்தவர் பெண் மருத்துவர். படத்தைப் பார்த்துக்கொண்டே, அன்றைக்கு விடுப்பு எடுத்துக் கூட வந்திருந்த வேன்காரரிடம், "கை யாரோடது?" என்றார்.

"இவங்களோடதுங்க."

"அப்ப அவங்க பேசட்டும்." அக்காவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "இந்தக் கையால என்ன வேலை செய்றீங்க?"

அக்கா சொன்னார். வெட்டும் மேசையைச் சொன்னார், கம்பளித் துணியைச் சொன்னார், கத்திரி எத்தனை கனம் என்று சொன்னார். யாரும் கேட்காத கேள்வி என்பதால் பதில் நீண்டுவிட்டது. மருத்துவர் குறுக்கிடவில்லை.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். சில நோய்ல காத்திருக்க நேரமே கிடையாது. உங்களோடது அப்படி இல்ல. கொஞ்ச நாள் இருக்கு, ரொம்ப நாள் இல்ல. எலும்புக் கட்டி மட்டுமே பார்க்கற ஒருத்தர் இங்க இருக்காரு. உங்க கண்ணாடித் தகட்டை அவர் மறுபடி பார்க்கட்டும். அதுக்கப்புறம் பேசுவோம்."

"முன்ன பார்த்த டாக்டர் கோவிச்சுக்க மாட்டாருங்களா?" வேன்காரருக்கு இன்னும் அது தீரவில்லை.

"கோவிச்சுக்கிட்டா அது அவருக்கு வந்த நோய். அதுக்கு இவங்க கையைக் கொடுக்க முடியாது."

அந்தச் சில நாள்களும் எப்படிப் போயின என்று விவரிக்க ஒன்றுமில்லை. அக்கா கடைக்கு வந்தார், உட்கார்ந்தார், எதையும் வெட்டவில்லை. கொசு அவசியமில்லாத இடங்களில் எல்லாம் பொத்தான் வைத்தாள்.

முடிவு வந்தது. அது உடம்பெங்கும் பரவிக் கொல்லும் கட்டி அல்ல. எலும்பின் நுனியில் வந்து, இருந்த இடத்திலேயே அரித்துத் தின்னும் வேறொரு வகை. நுண்ணோக்கியில் இரண்டும் சில சமயம் ஒன்றுபோலத் தெரியும், அதிகம் பார்த்துப் பழகியவர்களுக்கே பிரித்தறியக் கடினம் என்றார் மருத்துவர். "சாதுவான கட்டின்னு சொல்லமாட்டேன். சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரலாம். ஆனா கையை எடுக்க வேண்டியதில்ல. உள்ள சுத்தமாச் சுரண்டி, எலும்பு மாதிரி இறுகற ஒரு கலவையை நிரப்பிடுவோம்."

அக்கா வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேன்காரர் எழுந்து நின்றார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

மருத்துவர் அங்கேயே, அவர்கள் எதிரிலேயே, முதல் மருத்துவருக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வந்தது. "அப்படிங்களா? அந்தத் தகட்டோட படத்தை எனக்கும் அனுப்புங்க. நானும் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன்." அவ்வளவுதான். கோபம் இல்லை, கத்தி இல்லை. வேன்காரர் இத்தனை நாள் பயந்தது, இரண்டு பேர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்ட பேச்சுக்கு.

இதில்தான் எனக்கு ஆத்திரம். மருத்துவர்கள் தங்களுக்குள் தினமும் கேட்டுக்கொள்கிறார்கள். சந்தேகம் வந்தால் படத்தை அனுப்புகிறார்கள், கூட்டம் கூட்டிப் பேசுகிறார்கள். தன் சொந்த வயிற்றில் கட்டி வந்தால் ஒரே ஒருவர் பேச்சோடு கத்திக்குக் கீழே படுக்கும் மருத்துவர் எவரும் இல்லை. கேட்பது குற்றம் என்று நம்புகிறவர்கள் நோயாளிகள் மட்டும்தான். அவர்களிலும் யார்? மருத்துவர் அறையிலும் சத்தமாகப் பேசத் தெரிந்தவர்கள் அல்ல, பெரிய இடத்தில் ஆள் தெரிந்தவர்கள் அல்ல. "சரிங்க சார்" என்று சொல்லிப் பழக்கப்பட்டவர்கள். அவர்களிடம் கேள்வி இல்லாமல் இல்லை, கேட்கலாம் என்று சொல்ல ஆள்தான் இல்லை.

அறுவை நடந்தது. கை இருக்கிறது. மணிக்கட்டு முன்புபோல முழுதாகத் திரும்புவதில்லை. கனத்த துணிகளை இப்போது கொசு வெட்டுகிறாள், அக்கா கோடு போட்டுக் கொடுக்கிறார். கோட்டை விட்டு விலகினால் தலையில் குட்டு விழுகிறது, அதுவும் வலது கையால். குறிப்பிட்ட இடைவெளியில் போய்ப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் போவதற்கு முந்தைய நாள் அக்கா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கட்டி திரும்பி வராது என்று யாரும் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் அவர் இப்போது நம்பமாட்டார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு நோய் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் அலுவலகத்தில் தரை துடைப்பவர், உங்கள் மாடியில் குடியிருப்பவர், உங்கள் அத்தை, உங்கள் தம்பி மனைவி, இவர்களில் யாரோ ஒருவர் இந்நேரம் ஒரு பெரிய நோயின் பெயரை ஒரே ஒருவர் வாயிலிருந்து கேட்டுவிட்டு, தேதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பார். அவருக்கு அறிவுரை சொல்ல வேண்டாம். இன்றைக்கே போய், காத்திருக்க நாள் இருக்கிறதா என்று அவருடைய மருத்துவரிடம் அவரோடு சேர்ந்து கேளுங்கள். இருக்கிறது என்றால் படங்களையும் சோதனைத் தகடுகளையும் கேட்டு வாங்குங்கள். பிறகு, அந்த நோயை மட்டுமே பார்க்கும் இன்னொருவரிடம், நோயாளியின் பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஆளாக நீங்கள் கூடப் போங்கள்.